திரையில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம்: ஆட்டோகேட் பிரிண்டில் கோடுகளின் கலர் தவறும்போது

ஆட்டோகேட் என்கிற வரைபட மென்பொருளில் பிரிண்ட் கொடுத்தால், கறுப்பாக வரவேண்டிய கோடு சிவப்பாக வருகிறது. சாம்பல் ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோலம்) கறுப்பாக அப்பிக்கொள்கிறது. மஞ்சள் லேயர் (கோடுகளை வகைபிரித்து வைக்கும் அடுக்கு) தாளில் இருப்பதே தெரியவில்லை. இதில் எது நடந்தாலும் முதலில் கை போவது சிடிபி கோப்பின் மேல்தான்; எந்த நிறக் கோடு தாளில் எந்த நிறத்தில், எந்தத் தடிமனில் விழ வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. அதைத் திறந்து நாலு நிறத்தை மாற்றுவார்கள், சரியாகாது, இன்னும் நாலை மாற்றுவார்கள். கடைசியில் அதுவரை ஒழுங்காகப் பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்த மற்ற டிராயிங்குகளும் கெட்டுப்போகும். பெரும்பாலான நேரங்களில் சிடிபி மேல் குற்றமே இருக்காது.

ஒரு கோட்டின் நிறம் தாளுக்கு வந்து சேர்வதற்குள் நான்கு கை மாறுகிறது. கோட்டுக்கே கொடுத்த நிறம் அல்லது அதன் லேயர் நிறம் முதல் கை. வியூபோர்ட்டில் (பிரிண்ட் தாளில் வரைபடத்தைக் காட்டும் சன்னலில்) அந்த லேயருக்கு யாராவது தனி நிறம் கொடுத்திருந்தால் அது இரண்டாவது. சிடிபி அல்லது எஸ்டிபி என்கிற ப்ளாட் ஸ்டைல் டேபிள் மூன்றாவது. பிரிண்டர் டிரைவர் நான்காவது. எந்தக் கையில் கெட்டது என்று முதலில் பிடித்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரு நிமிட வேலை.

அதைப் பிடிக்க, ப்ளாட் (அதாவது பிரிண்ட்) டயலாக்கில் ப்ரிவ்யூவை அழுத்திப் பாருங்கள். ப்ரிவ்யூவிலேயே நிறம் தப்பாக இருந்தால் கோளாறு முதல் மூன்றில் இருக்கிறது. ப்ரிவ்யூ சரியாக இருந்து தாள் மட்டும் தப்பாக வந்தால் டிராயிங்கைத் தொடாதீர்கள்; கீழே பிரிண்டர் பற்றிய பகுதிக்குப் போங்கள். ப்ரிவ்யூவில் மெல்லிய கோடுகளின் நிறம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் பிரிண்டராக ‘டிடபிள்யூஜி டு பிடிஎஃப்’ கொடுத்து, வரும் பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கீழே வரும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டச்சிட வேண்டும்.

எல்லாக் கோடும் கலரிலேயே வருகிறது

பேஜ் செட்டப்பைத் திறந்து ப்ளாட் ஸ்டைல் டேபிள் கட்டத்தைப் பாருங்கள். ‘நன்’ என்று இருந்தால் எந்த டேபிளும் பொருந்தவில்லை, கோடுகள் சொந்த நிறத்திலேயே போகின்றன. ‘மோனோகுரோம் சிடிபி’யைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் ‘ப்ளாட் வித் ப்ளாட் ஸ்டைல்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் மேலே எந்த டேபிளைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பயன் இல்லை.

கட்டத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று தொடங்கி ஒரு கோப்பின் பெயர் வந்தால், டிராயிங்கை அனுப்பியவர் தம்முடைய சிடிபியைச் சேர்த்து அனுப்பவில்லை என்று பொருள். அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ‘ஸ்டைல்ஸ்மேனேஜர்’ கட்டளை திறந்து காட்டும் ஃபோல்டரில் அதைப் போட்டுவிட்டு, டயலாக்கை மூடித் திறந்தால் போதும். கேட்டு வாங்க வழியில்லாதபோது மோனோகுரோமைப் போட்டுச் சமாளிக்கலாம், நிறம் கறுப்பாகிவிடும். ஆனால் அவர் நிறத்துக்கு நிறம் வகுத்து வைத்திருந்த கோட்டுத் தடிமன்கள் அதில் வராது.

ஒரு லேஅவுட்டில் (பிரிண்டுக்காக அமைத்த தாளில்) சரிசெய்தும் அடுத்த லேஅவுட் கலரில் வந்தால் திகைக்க வேண்டாம். ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் பேஜ் செட்டப் தனித்தனி, வரைகிற இடமான மாடல் ஸ்பேஸுக்கும் தனி. ப்ளாட் டயலாக்கில் செய்த மாற்றம் நிற்க வேண்டுமானால் ‘அப்ளை டு லேஅவுட்’ அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டு ஷீட்டுகளை மொத்தமாகப் பப்ளிஷ் செய்தால், சேமித்து வைத்த பழைய அமைப்பில்தான் அத்தனையும் வரும். தனியாகப் பிரிண்ட் கொடுத்தால் சரி, பப்ளிஷில் மட்டும் தப்பு என்கிற புகாருக்கு வேரே இதுதான்.

மோனோகுரோம் போட்டாயிற்று, ஆனால் சில கோடுகள் மட்டும் கலரில் நிற்கின்றன

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். காரணம் தெரியாதவர்கள் சிடிபியைக் குடைந்துகொண்டே இருப்பார்கள்.

சிடிபிக்குத் தெரிந்த நிறங்கள் மொத்தம் 255. ஆட்டோகேட்டின் இண்டெக்ஸ் கலர் என்கிற 1 முதல் 255 வரையிலான எண்கள்தாம் அவை. மோனோகுரோம் கோப்பில் இந்த 255 எண்களுக்கும் ‘பிளாக்’ என்று எழுதியிருக்கிறது, வேறொன்றுமில்லை. ஒரு கோட்டுக்கு ட்ரூ கலர் தாவலிலிருந்தோ கலர் புக் தாவலிலிருந்தோ நிறம் கொடுத்திருந்தால் அதற்கு இண்டெக்ஸ் எண்ணே கிடையாது. சிடிபியில் அதைத் தேட இடமில்லை. எனவே அது தன் சொந்த நிறத்திலேயே பிரிண்டுக்குப் போய்விடும்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இண்டெக்ஸ் 1-ம் சிவப்புதான், 255,0,0 என்ற ட்ரூ கலரும் சிவப்புதான். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கோட்டைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸில் கலர் வரியைப் படியுங்கள். ‘ரெட்’ என்றோ ஒற்றை எண்ணோ இருந்தால் இண்டெக்ஸ். காற்புள்ளி போட்ட மூன்று எண்கள் இருந்தால் ட்ரூ கலர். ‘பைலேயர்’ (லேயரின் நிறத்தையே எடுத்துக்கொள் என்று பொருள்) என்று இருந்தால் லேயர் ப்ராப்பர்ட்டீஸ் மேனேஜரில் அந்த லேயரின் கலரை இதே கண்ணோடு படியுங்கள். அங்கே கலர் தலைப்பைச் சொடுக்கினால் லேயர்கள் நிறவாரியாக வரிசைப்படும்; மூன்று எண் லேயர்களைப் பொறுக்கி எடுப்பது சுலபம்.

லேயரில் இருந்தால் அதற்கு நெருக்கமான இண்டெக்ஸ் நிறத்தைக் கொடுங்கள், முடிந்தது. கோடுகளிலேயே நேரடியாக நிறம் ஒட்டியிருந்தால் ‘செட்பைலேயர்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் அதன் செட்டிங்ஸில் கலரை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் யாரோ யோசித்துக் கொடுத்த லைன்டைப்பும் லைன்வெயிட்டும் சேர்ந்து அழிந்துபோகும். பிளாக்குகளையும் (பல கோடுகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளையும்) சேர்க்கவா என்று அது கேட்கும். பிளாக்குக்குள் நிறம் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். எத்தனை கோடுகள் இப்படி இருக்கின்றன என்று முன்கூட்டியே பார்க்க ‘க்யூசெலக்ட்’டில் கலர், ‘நாட் ஈக்வல்’, பைலேயர் என்று கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்தும் கலர் போகவில்லையா? இன்னும் மூன்று மறைவிடங்கள் உண்டு.

முதலாவது எம்டெக்ஸ்ட் என்கிற பல வரி எழுத்து. எடிட்டருக்குள்ளே சொற்களைத் தேர்ந்தெடுத்து நிறம் கொடுத்திருப்பார்கள். ப்ராப்பர்ட்டீஸ் அப்போதும் பைலேயர் என்றே காட்டும், செட்பைலேயரும் அதைத் தொடாது. எடிட்டரைத் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுத்து ஃபார்மேட்டிங்கை நீக்க வேண்டும். இரண்டாவது டைமென்ஷன் ஸ்டைல்: அளவுக்கோடு, நீட்சிக்கோடு, எழுத்து மூன்றுக்கும் அதற்குள்ளேயே தனித்தனி நிறம் உண்டு. அம்பு கறுப்பாகவும் எண் மட்டும் பச்சையாகவும் வந்தால் நேராக அங்கே போங்கள். மூன்றாவது கிரேடியன்ட் ஹேட்ச். அதன் இரண்டு நிறங்களும் வழக்கமாக ட்ரூ கலராகவே அமைந்திருக்கும். கறுப்பு வெள்ளைத் தாளில் கிரேடியன்ட் எதற்கு என்பது என் கட்சி. சாலிட் ஹேட்ச்சாக மாற்றி ஒரு சாம்பல் இண்டெக்ஸ் கொடுத்துவிடுங்கள்.

ராஸ்டர் படம் (புகைப்படம், ஸ்கேன் போன்றவை), எக்ஸெலிலிருந்து ஒட்டிய அட்டவணை, பிடிஎஃப் அண்டர்லே (பின்னணியாக இணைத்த பிடிஎஃப்) ஆகியவை தனி இனம். இவற்றின் மேல் சிடிபிக்கு அதிகாரமே இல்லை. பிடிஎஃப் அண்டர்லேயைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸில் மோனோகுரோமை ‘யெஸ்’ ஆக்கலாம். எக்ஸெல் அட்டவணையை எக்ஸெலிலேயே கறுப்பாக்கிவிட்டு வர வேண்டும்.

டேபிள் பட்டியலில் சிடிபி ஒன்றுகூட இல்லை, எல்லாம் எஸ்டிபி

கோப்புகள் தொலைந்துபோகவில்லை. ஒரு டிராயிங் இரண்டில் ஒரு முறையில்தான் இருக்க முடியும்: நிறத்தை வைத்து முடிவெடுக்கும் சிடிபி முறை, அல்லது ஸ்டைல் பெயரை வைத்து முடிவெடுக்கும் எஸ்டிபி முறை. ‘பிஸ்டைல்மோட்’ என்று தட்டினால் 1 வந்தால் சிடிபி, 0 வந்தால் எஸ்டிபி. அந்த எண்ணை அங்கேயே மாற்ற முடியாது, படிக்க மட்டும்தான். ‘நேம்டு ப்ளாட் ஸ்டைல்ஸ்’ என்று பெயர் கொண்ட டெம்ப்ளேட்டிலிருந்து டிராயிங் தொடங்கப்பட்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

முறையை மாற்ற ‘கன்வர்ட்பிஸ்டைல்ஸ்’ கட்டளை. எஸ்டிபியிலிருந்து சிடிபிக்கு வரும்போது லேயர்களுக்கும் கோடுகளுக்கும் கொடுத்திருந்த ஸ்டைல் பெயர்கள் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று எச்சரிக்கை வரும். அது உண்மைதான், எனவே நகல் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு லேஅவுட்டிலும் சிடிபியை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். எதிர்த்திசையில் போவதென்றால் முதலில் ‘கன்வர்ட்சிடிபி’ கொண்டு பழைய சிடிபியிலிருந்து ஒரு எஸ்டிபி தயாரித்துக்கொள்ள வேண்டும்.

எஸ்டிபியிலேயே இருந்துகொண்டு, ‘கோடெல்லாம் கலரில் வருகிறதே’ என்று கேட்டால், லேயர் மேனேஜரில் ப்ளாட் ஸ்டைல் பத்தியைப் பாருங்கள். எல்லாம் ‘நார்மல்’ என்று இருக்கும். நீங்களே புதிதாக உருவாக்கும் எஸ்டிபியில் நார்மல் என்கிற ஸ்டைலை மாற்றவே முடியாது. கோட்டின் சொந்த நிறத்தை அப்படியே அனுப்புவதுதான் அதன் வேலை. கறுப்பு நிறம் கொண்ட ஒரு ஸ்டைலைச் சேர்த்து, லேயர்களுக்கு அதைக் கொடுங்கள். ட்ரூ கலரோ இண்டெக்ஸோ, ஸ்டைல் சொன்ன நிறம்தான் செல்லும். ட்ரூ கலர் மிகுந்த டிராயிங்குகள் அடிக்கடி கைக்கு வருகிற அலுவலகத்துக்கு எஸ்டிபி பொருத்தமானது. மற்றவர்கள் சிடிபியோடு இருப்பதே நிம்மதி. வெளியாரோடு கோப்பு கைமாறும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு வியூபோர்ட்டில் மட்டும் நிறம் தப்புகிறது

அந்த வியூபோர்ட்டுக்குள் இரட்டைச் சொடுக்கி நுழைந்து லேயர் மேனேஜரைத் திறங்கள். சில லேயர்களின் வரி மட்டும் வேறு பின்னணி நிறத்தில் தெரிந்தால், அங்கே ‘விபி கலர்’ மாற்றப்பட்டிருக்கிறது. சிடிபி பார்ப்பது லேயரின் மூல நிறத்தை அல்ல, அந்த வியூபோர்ட்டில் செல்லுபடியாகும் நிறத்தை. லேயரில் வலச்சொடுக்கி வியூபோர்ட் ஓவர்ரைடை நீக்குங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல் வியூபோர்ட் முழுவதும் கலரில் வந்தால், அதன் விஷுவல் ஸ்டைலைப் பாருங்கள். ‘டூ-டி வயர்ஃப்ரேம்’ தவிர்த்து ‘கான்செப்சுவல்’, ‘ஷேடட்’ போன்ற ஏதாவது இருந்தால் அந்த வியூபோர்ட் படமாகத்தான் போகும், சிடிபி அதற்கு ஒட்டாது. முப்பரிமாணத்தில் வேலை செய்துவிட்டு மறந்துபோன வியூபோர்ட்டுகளில் இது சகஜம். டூ-டி வயர்ஃப்ரேமுக்குத் திருப்பி, வியூபோர்ட்டின் ஷேட் ப்ளாட்டை ‘ஆஸ் டிஸ்ப்ளேடு’ என்று வையுங்கள். மறைகோடுகள் நீங்க வேண்டுமென்றால் ‘லெகசி ஹிடன்’.

எக்ஸ்ரெஃப் மட்டும் வேறு மாதிரி வருகிறது

எக்ஸ்ரெஃப், அதாவது உங்கள் டிராயிங்கில் இணைத்துக் காட்டும் வேறொரு டிராயிங், தன் சொந்தக் கோப்பில் எந்த சிடிபியோடு இருந்தது என்பது இங்கே கணக்கில் வராது. நீங்கள் பிரிண்ட் கொடுக்கும் டிராயிங்கின் டேபிள்தான் அதற்கும். அவர்கள் சிவப்பை மெல்லிய கோட்டுக்கு வைத்திருப்பார்கள், உங்கள் சிடிபியில் சிவப்பு 0.5 மிமீ. விளைவு, அவர்களின் அளவுக்கோடுகளெல்லாம் சுவர்க்கோடு மாதிரி வந்து நிற்கும்.

உங்கள் டிராயிங்கிலேயே எக்ஸ்ரெஃப் லேயர்களின் நிறத்தை மாற்றுங்கள். ‘விஸ்ரிடெய்ன்’ மாறி 1 ஆக இருந்தால்தான் மறுமுறை திறக்கும்போதும் அந்த மாற்றம் நிற்கும். லேயரை மாற்றியும் நிறம் அசையவில்லை என்றால் உள்ளே கோடுகளுக்கு நேரடி நிறம் இருக்கிறது. ‘எக்ஸ்ரெஃப்ஓவர்ரைடு’ மாறியை 1 ஆக்கினால் எக்ஸ்ரெஃப்பில் உள்ளவை எல்லாம் பைலேயர் போலவே நடத்தப்படும். திரையில் எக்ஸ்ரெஃப் மங்கலாகத் தெரிவது வெறும் காட்சிக்காக. பிரிண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சாம்பலாக வரவேண்டியதும் கறுப்பாக வருகிறது

மோனோகுரோம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதுதான் இங்கே சிக்கல். 8, 9, 250 முதல் 254 வரையிலான எண்கள் திரையில் சாம்பல், ஆனால் அந்த டேபிள் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள். எடிட்டரில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயரில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபார்ம் வியூ தாவலில் கலர் 8-ஐச் சொடுக்கி, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி 9-ஐயும், அதேபோல் 250 முதல் 254 வரையும் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் கலரில் ‘யூஸ் ஆப்ஜெக்ட் கலர்’ கொடுங்கள். இல்லையென்றால் நிறத்தைக் கறுப்பாகவே விட்டு ஸ்க்ரீனிங்கை 100-இலிருந்து 40, 50 என்று குறைக்கலாம். மை அந்த அளவுக்குக் குறைந்து இறங்கும்.

நிரப்பிய ஹேட்ச்சுக்கு இரண்டும் நன்றாக வேலை செய்யும். மெல்லிய கோட்டுக்கு இரண்டுமே எனக்குப் பிடிக்காது. கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் சாம்பல் மை என்று ஒன்று இல்லை, புள்ளிகளைப் பரப்பித்தான் சாம்பலைக் காட்டுகிறது. 0.13 மிமீ கோட்டில் புள்ளிகளைப் பரப்ப இடம் ஏது? கோடு அங்கங்கே அறுந்து, டாஷ் கோடு போல ஆகிவிடும். பின்னணிக் கோடு அடங்கித் தெரிய வேண்டுமென்றால் அதைக் கறுப்பாகவே விட்டு, முக்கியக் கோடு 0.35 என்றால் இது 0.13 என்று தடிமனில் வேறுபடுத்துங்கள். ஜெராக்ஸ் எடுத்தாலும் அது பிழைத்திருக்கும்.

கோடுகள் வெளிறி, புள்ளி புள்ளியாக வருகின்றன

கறுப்பு வெள்ளை பிரிண்டரில் இது நடந்தால் முக்கால்வாசி நேரம் டேபிள் ‘நன்’ என்றோ ‘ஏகேட் சிடிபி’ என்றோ இருக்கும். மஞ்சளும் சியானும் பிரிண்டருக்குப் போய், அது அவற்றை வெளிர் சாம்பலாக மாற்றிக்கொள்கிறது. மோனோகுரோம் போட்டால் தீர்ந்தது. டேபிள் சரியாகவே இருந்தால் எடிட்டரில் அந்த நிறத்துக்கு ஸ்க்ரீனிங் 100 இருக்கிறதா, டித்தர் (புள்ளிகளைப் பரப்பி நிறம் காட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கோடுகளுக்கு டித்தரை ஆஃப் செய்துவிடலாம்.

கோடு தாளில் வரவே இல்லை

லேயரில் பிரிண்டர் படம் குறுக்குக்கோடு போட்டிருந்தால் அந்த லேயர் பிரிண்ட் ஆகாது. டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் வரைந்தது எதுவும் வராது. இரண்டும் இல்லையென்றால் வெள்ளையைச் சந்தேகியுங்கள். கலர் 7 பின்னணிக்கு ஏற்ப மாறும், தாளில் கறுப்பாகவே விழும். ஆனால் 255 என்ற எண்ணும் 255,255,255 என்ற ட்ரூ கலரும் அசல் வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு. 255 மோனோகுரோமில் கறுப்பாகிவிடும், ட்ரூ கலர் வெள்ளை அதிலும் தப்பித்துவிடும்.

டிராயிங்கைத் தொடவே இல்லை, இன்று பிரிண்ட் வேறு மாதிரி

சிடிபி டிராயிங்குக்குள் இல்லை, வெளியே தனிக் கோப்பாக இருக்கிறது. டிராயிங் அதன் பெயரை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறது. பொதுச் சர்வரில் இருக்கும் டேபிளை யாராவது தம் ஒரு வேலைக்காகத் திருத்திச் சேமித்தால், அதைப் பயன்படுத்தும் எல்லா டிராயிங்கும் மாறிவிடும். ஸ்டைல்ஸ்மேனேஜர் ஃபோல்டரில் கோப்பின் திருத்திய தேதியைப் பாருங்கள், எப்போது கைவைத்தார்கள் என்று தெரிந்துவிடும். இன்னொரு வகை: ஒரே பெயரில் இரண்டு கணினிகளில் இரண்டு வெவ்வேறு சிடிபிகள். உங்களிடம் சரியாக வருவது அவரிடம் தப்பாக வரும். கோப்புப் பெயரில் ஆண்டையோ பதிப்பு எண்ணையோ சேர்த்துவிட்டு, ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். வெளியே அனுப்பும்போது ‘ஈட்ரான்ஸ்மிட்’ பயன்படுத்தினால் சிடிபியும் கூடவே போகும்.

ப்ரிவ்யூ சரி, தாள் மட்டும் தப்பு

ப்ளாட் டயலாக்கில் பிரிண்டர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ப்ராப்பர்ட்டீஸ், அதனுள் கஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ். இங்கேதான் டிரைவரின் சொந்த அமைப்புகள் இருக்கின்றன. கலர் வேண்டிய இடத்தில் கிரேஸ்கேல் தேர்வாகியிருக்கலாம், மை சேமிக்கும் டிராஃப்ட் முறை ஆன் ஆகியிருக்கலாம். கிராஃபிக்ஸ் பகுதியில் கலர் டெப்த் மோனோகுரோம் என்று இருந்தால் கலர் வரவே வராது.

கறுப்புக் கோட்டின் ஓரத்தில் நீலமோ சிவப்போ கசிந்து தெரிந்தால், பிரிண்டர் கறுப்பை மற்ற மைகளையும் கலந்து உருவாக்குகிறது. தூய கறுப்பு மையை மட்டும் பயன்படுத்தச் சொல்லும் தேர்வு பல டிரைவர்களில் உண்டு. சாலிட் ஹேட்ச்சுக்கு அடியில் உள்ள கோடுகள் மேலே துளைத்துக்கொண்டு தெரிந்தால் கிராஃபிக்ஸ் பகுதியில் ‘மெர்ஜ் கன்ட்ரோல்’ என்பதை ‘லைன்ஸ் ஓவர்ரைட்’ ஆக்குங்கள். செய்த மாற்றங்களைப் பிசி3 என்கிற பிரிண்டர் அமைப்புக் கோப்பாகச் சேமிக்கவா என்று கேட்கும். சேமியுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு பிரிண்டோடு போய்விடும்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை

தகராறு செய்யும் லேஅவுட்டிலேயே புதிதாக ஒரு லேயர் உருவாக்கி, இண்டெக்ஸ் 1 கொடுத்து, பைலேயரில் ஒரே ஒரு கோடு போட்டு ப்ரிவ்யூ பாருங்கள். அந்தக் கோடு கறுப்பாக வந்தால் பேஜ் செட்டப்பும் சிடிபியும் சுத்தம், பழைய கோடுகளின் உள்ளேதான் எதோ இருக்கிறது. அவற்றையே ‘எக்ஸ்ப்ளோட்’ கட்டளையால் பிரித்துப் பார்த்துத் தேட வேண்டும், நகலில். புதுக் கோடும் கலரில் வந்தால் கோடுகளை விடுங்கள். லேஅவுட்டின் பேஜ் செட்டப்பைப் புதிதாக ஒன்று உருவாக்கிக் கொடுத்து, டேபிளையும் பிரிண்டரையும் முதலிலிருந்து தேர்ந்தெடுங்கள்.